கெத்து என்னும் படிக்கட்டு

ஒரே வகுப்பில் இரண்டு கேள்விகள். ‘உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?’ ‘இங்கே யார் பிரபலம்?’ அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இவற்றைத் தனித்தனியாகக் கேட்டார்கள் ஜெனிஃபர் பார்க்ஹர்ஸ்ட், ஆண்ட்ரியா ஹாப்மேயர் என்ற இரு ஆய்வாளர்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு கேள்விகளுக்கும் வந்த பெயர்கள் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. பலருக்கும் பிடித்தவர்கள் அன்பானவர்கள், நம்பத்தக்கவர்கள். ‘பிரபலம்’ என்று கைகாட்டப்பட்டவர்களோ அதிகாரம் செய்பவர்கள், தலைக்கனம் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள்.

நம் பிள்ளைகள் ‘கெத்து’ என்கிறார்களே, அது இந்த இரண்டாவது வகை. பிரியத்தை எத்தனை பேருக்கும் பகிரலாம், குறையாது. கெத்து அப்படியல்ல, அது படிக்கட்டு. ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் கீழே இறங்கியாக வேண்டும்.

அந்த ஏற்றத்தில் என்ன நடக்கிறது? வட கரோலினாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் நட்பு வலையை வரைந்து பார்த்த ராபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லீ இருவரும் 2011இல் விடை சொன்னார்கள். செல்வாக்கு ஏற ஏற, சக மாணவரைச் சீண்டுவதும் வதந்தி பரப்புவதும் கூடிக்கொண்டே போகிறது. உச்சியில் இருக்கும் 2 சதவீதத்தினரிடம் மட்டும் அது சட்டென்று குறைகிறது. அவர்களுக்கு மேலே ஏறுவதற்குப் படி இல்லை. வம்பு செய்பவன் என்றதும் கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவனை முதலில் சந்தேகிக்கும் நம் வழக்கம் எவ்வளவு அநியாயமானது என்பதை இந்த ஆய்வைப் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். பார்க்க வேண்டியது உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களை.

ஏறியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயதுவரை பின்தொடர்ந்தது. பதின்மூன்றிலேயே காதல், சின்னச் சின்ன அத்துமீறல், அழகானவர்களோடு மட்டும் நட்பு என்று பெரியவர்களைப் போல நடந்துகொண்டவர்களுக்கு அப்போது மவுசு இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது வடிந்துவிட்டது. இருபதைத் தாண்டியபோது குடியும் போதையும் சட்டச் சிக்கலும் அவர்களிடமே கூடுதலாக இருந்தன.

அதே ஆலன் குழுவின் இன்னோர் ஆய்வு 169 பேரைப் பத்தாண்டுகள் கவனித்தது. 15, 16 வயதில் மனம்விட்டுப் பேச நெருங்கிய நட்பு வாய்த்தவர்களுக்கு 25 வயதில் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, தன்மதிப்பு கூடியிருந்தது. அன்று பலரும் உடன் பழக விரும்பியவர்களிடமோ, நாலு பேருடன் பழகுவதில் பதற்றம் கூடியிருந்தது.