ஓரெழுத்து மாறிய காய்ச்சல்

2006 கடைசியில் எங்கள் ஊர்களை மூட்டோடு முடக்கிப் போட்ட சிக்குன்குனியாவும், 2008இல் இரத்தினபுரிப் பக்கம் பரவியதும் ஒன்றுதானா என்று சாய்ந்தமருதுச் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒரே வம்சம்தான். ஆனால் இடையில் ஓரெழுத்து மாறிவிட்டது.

சிக்குன்குனியா வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ, நான்கே எழுத்துகள் மாறிமாறி வரும், சுமார் 11,800 எழுத்து நீளமான ஒரு வாசகம். அது பிரதியாகும்போது பிழை விழும், சரிபார்க்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் தவறினால் கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதுவேன். அவன் விட்ட பிழை எனக்கு வரும், என்னிடம் வாங்கி எழுதியவனுக்கும் போகும். சேர் கொப்பிகளை விரித்து வைத்து, யாரைப் பார்த்து யார் எழுதியது என்று சொல்லிவிடுவார். மரபணு வரிசையைப் படிக்கும் ஆய்வாளர்களும் பிழைகளை ஒப்பிட்டே வைரஸ் வந்த வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். 2004இல் கென்யக் கரையில் கிளம்பியது இந்து சமுத்திரத் தீவுகளிலும், 2005 இறுதியில் இந்தியாவிலும், மறுவருடம் கல்முனை, மட்டக்களப்புப் பக்கமும் பரவிய கதை அப்படித்தான் துலங்கியது.

என்னை வியக்க வைப்பது 226ஆம் இடம். வைரஸின் மேலுறையிலுள்ள இ1 புரதத்தில் அந்த இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. 'சி' என்ற ஓரெழுத்து 'யு' ஆனதும் அங்கே வலின் வந்தது. அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் வாழும் ஈடிஸ் எஜிப்தி நுளம்பை நம்பியிருந்த வைரஸ், தோட்டங்களிலும் பற்றைகளிலும் வாழும் ஈடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பிலும் நன்றாகப் பெருகத் தொடங்கியது. ரியூனியன் தீவில் எஜிப்தி அரிது. அங்கே 2005இல் பழைய எழுத்தோடு நுழைந்த வைரஸ் சில மாதங்களில் புதிய எழுத்துக்கு மாறி, சனத்தொகையில் மூன்றிலொரு பங்கினரைப் படுக்கையில் தள்ளியது. 2007இல் கேரளத்திலும் அதே மாற்றம். ரியூனியனிலிருந்து போனதல்ல, அங்கேயே தனியாகத் தோன்றியது. கொப்பிக் கணக்கு இந்த இடத்தில் பொருந்தாது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு பேர் ஒரே பிழையை விட்டிருக்கிறார்கள், அந்தப் பிழை இலாபமானது என்பதால் நிலைத்திருக்கிறது. இலங்கையில் 2006இன் மாதிரிகளில் பழைய எழுத்து, 2008இன் மாதிரிகளில் புதியது. இரத்தினபுரியோ ரப்பர்த் தோட்டங்களின் மண். பால் வடியும் சிரட்டையில் மழைநீர் நின்றால் அல்போபிக்டஸுக்கு அதுவே போதும்.

இதையெல்லாம் சொல்ல முடிந்தது யாரோ அன்று இரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தியதால். 2025இலும் நோய் திரும்பியபோது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தினர் வைரஸை வரிசைப்படுத்தினார்கள். நாமோ காய்ச்சல் என்றதும் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்கிறோம். ஒரு கிழமை கழித்து, மூட்டு வீங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வைரஸ் இரத்தத்தில் நிறைந்திருப்பது முதல் ஐந்தாறு நாள்தான். பிறகு எடுக்கும் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் மட்டுமே மிஞ்சும். அதை வைத்து நோயின் பெயரைச் சொல்லலாம், வந்த வழியைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாரியிலும் இந்தக் கரையின் ஆஸ்பத்திரிகள் முதல் நாட்களின் மாதிரிகள் சிலவற்றையாவது உறைகுளிரில் வைத்து ஆய்வுகூடங்களுக்கு அனுப்ப வேண்டும். சகோதரி, உங்கள் வீட்டில் அடுத்த காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாளே போய்விடுங்கள்.