முந்திய விண்ணப்பமும் பௌதிகவியல் மாணவனும்



நம் நாட்டிலே பரீட்சையிற் பெறும் புள்ளிகளே பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் முறை வேறு. அங்குள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பள்ளிப் பெறுபேறுகள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதங்கள், மாணவன் எழுதும் கட்டுரைகள் ஆகிய யாவற்றையும் ஒருங்கே சீர்தூக்கித் தம் மாணவரைத் தெரிந்தெடுக்கின்றன. இடங்களோ சில, நாடுவோரோ மிகப் பலர். ஆதலின், எப்பொழுது விண்ணப்பிப்பது என்பதும் அங்கு ஒரு பெரிய வினாவாகி விடுகின்றது. பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகப் பயில விரும்பும் மாணவன் இவ்வினாவுக்கு எவ்வாறு விடை காண்பது என்பதை இன்று ஆராய்வோம்.

வழமையான விண்ணப்பங்கள் பெரும்பாலும் தை மாதத் தொடக்கத்திற் சென்றடைய வேண்டும். பங்குனி இறுதியளவில் மறுமொழி வரும். முந்திய விண்ணப்பமோ கார்த்திகை முதலாந் திகதியளவிற் சேரவேண்டும். மார்கழி நடுப்பகுதியில் முடிவு தெரிந்துவிடும். எனினும், முந்திய விண்ணப்பம் என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று வகைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, வாக்குறுதியோடு கூடியது. கொலம்பியா, கோர்னெல், பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்களில் இம்முறை உண்டு. அனுமதி கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என மாணவன் உறுதியளிக்கிறான். கிடைத்ததும் ஏனைய விண்ணப்பங்களை மீட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கட்டுப்பாடற்றது. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் இவ்வகையினது. மார்கழியிலே அனுமதி பெற்றவனும் வைகாசி முதலாந் திகதிவரை தன் முடிவை ஆறுதலாக எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது, இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஹாவாட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போட் ஆகியவற்றில் முந்தி அனுமதி பெற்றவன் சேர்ந்தே ஆகவேண்டுமென்பதில்லை. ஆனால் அதே வேளையில் வேறு தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முந்திய விண்ணப்பம் அனுப்புதல் ஆகாது.

முந்தி விண்ணப்பிப்போருள் அனுமதி பெறுவோரின் விகிதம் பொதுவாக உயர்ந்து காணப்படும். இதைக் கண்டு அவசரப்படுதல் தகாது. விளையாட்டுக்கெனத் தெரிந்தெடுக்கப்படுவோரும், பல இடங்களிற் பழைய மாணவரின் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் அடங்குவர். அன்றியும், வாக்குறுதி அளித்தவன் பல பல்கலைக்கழகங்கள் தரும் பண உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறான். உதவி போதாதெனில் விலகலாம் என்பது உண்மையே. எனினும் ஒப்பிட்டு ஆராய்ந்தபின் தெரிவு செய்வதற்கு அது ஈடாகாது. முந்திய அனுமதி வசதியுள்ள குடும்பங்களுக்கே சாதகமாகிறது என்று கூறி, ஹாவாடும் பிரின்ஸ்டனும் 2006ஆம் ஆண்டில் அதனைக் கைவிடுவதாக அறிவித்தன. பெரும்பாலான போட்டிப் பல்கலைக்கழகங்கள் அவ்வழியைப் பின்பற்றவில்லை; 2011ஆம் ஆண்டில் இரண்டும் முந்திய அனுமதியை மீண்டும் ஏற்படுத்தின.

இனி, பௌதிகவியல் மாணவனுக்கு உரியவற்றைப் பார்ப்போம். முந்திய விண்ணப்பத்திற் பெரிதும் தெரிவது பதினோராம் வகுப்பு வரையுள்ள பெறுபேறே. நுண்கணிதத்தையும் உயர் பௌதிகவியலையும் இறுதியாண்டிலேதான் தொடங்கும் மாணவனின் உண்மையான ஆற்றல் அதில் வெளிப்படாது. அத்தகையவன் தை மாதம்வரை பொறுத்திருத்தல் நன்று. கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகம் நுண்கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றிலும் ஆயத்தத்தை எதிர்பார்க்கிறது. மசச்சூசெற்ஸ் கழகமோ கணித அல்லது விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் கடிதத்தோடு, மொழி, வரலாறு போன்ற துறையின் ஆசிரியர் ஒருவரது கடிதத்தையும் கேட்கிறது. எனவே, ஆய்வுகூடத்தில் மாணவனின் உழைப்பை நேரிற் கண்ட ஆசிரியரிடம், பாடசாலை தொடங்கியவுடனே கடிதம் வேண்டிக்கொள்ளல் வேண்டும்.

பௌதிகவியல் என்று விண்ணப்பத்திற் குறித்தால் அதிலிருந்து மாற முடியாதோ என அஞ்ச வேண்டுவதில்லை. மசச்சூசெற்ஸ் கழகத்தில் முதலாண்டு மாணவர் எத்துறையையும் சார்ந்தவரல்லர். ஹாவாடில் இரண்டாம் ஆண்டிலேயே துறையைத் தெரிவு செய்வர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் பெயின்மன், கொலம்பியாவில் இடங்கிடையாமல் 1935இல் மசச்சூசெற்ஸ் கழகத்திற் சேர்ந்தார். கணிதத்தில் தொடங்கி, மின்பொறியியலுக்குச் சென்று, பின்னரே பௌதிகவியலை அடைந்தார்.

மார்கழியில் வரும் முடிவு, ஆம் என்றோ இல்லை என்றோதான் இருக்கும் என்பதில்லை. ஒத்திவைப்பு என்ற மறுமொழியும் வரலாம். அப்பொழுது அவ்விண்ணப்பம் மற்றையோருடையவற்றோடு மீண்டும் ஆராயப்படும். அம்மறுமொழிக்கும் தை மாத இறுதித் திகதிகளுக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே உள. ஆகவே, ஏனைய விண்ணப்பங்களையும் முன்னரே ஆயத்தஞ் செய்து வைத்திருத்தல் அவசியம்.

முந்தி விண்ணப்பிக்க எண்ணும் மாணவன் தன்னையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். இதுவரை பெற்ற பெறுபேறு என் திறமையைச் சரியாகக் காட்டுகிறதா? வேறிடம் நாடாமல் இவ்விடத்தையே மனமார விரும்புகிறேனா? பண உதவியை ஒப்பிடாமலே என் குடும்பம் இச்செலவைத் தாங்குமா? முதற் கேள்விக்கு இல்லை என்பது விடையாயின் பொறுத்திருத்தலே முறை. மற்றை இரண்டில் ஒன்றிலேனும் ஐயம் எழுமாயின், வாக்குறுதி கேட்கும் முறையைத் தவிர்த்துக் கட்டுப்பாடற்ற வழியை நாடுக. மூன்றிற்கும் ஆம் என்று தயக்கமின்றிக் கூறக்கூடியவனுக்கே அவ்வாக்குறுதி தகும்.