தீப்பொறி இல்லாமல் வெல்டிங் பழகலாம்!

சகோதரிகளே, செல்போனில் பிள்ளைகள் முகத்தைக் காட்டினால் முயல் காது முளைக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதுதான் ஏ.ஆர். எதிரே இருப்பதன் மேல் இல்லாத ஒன்றைச் சேர்த்துக் காட்டுவது. வி.ஆர். என்பது வேறு. கண்ணை முழுசா மூடும் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால், தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் வேறொரு இடம் தெரியும்.

நகை வியாபாரத்தில் இது முன்பே வந்துவிட்டது. சென்னையில் தொடங்கிய காரட்லேன் நிறுவனம் 2015-லேயே, கம்மல் நம் முகத்துக்கு எப்படி இருக்கும் என்று திரையில் காட்டியது. அழகு தெரியும். கனத்தில் காது இழுக்குமா என்பது தெரியாது!

நமக்கு உபயோகமான விஷயம் வெல்டிங்தான். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை தேடிப் போகும் நம் வீட்டு ஆண்கள் எத்தனையோ பேர். பெண்கள் தயங்குவது ஏன்? தீப்பொறிக்குப் பயம். பழகும்போது ராடும் தகடும் வீணாகும், திட்டு விழும் என்கிற கூச்சம் வேறு.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஸ்கில்வெரி நிறுவனம் இதற்கென்றே பயிற்சிக் கருவி செய்கிறது. கையில் பிடிப்பது நிஜ டார்ச் மாதிரியே இருக்கும், ஆனால் நெருப்பு வராது. தகடு, பொறி, உருகும் உலோகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கை எந்தச் சாய்வில் இருக்கிறது, தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகம் என்று கருவி அளந்து மார்க் போடும். பத்து தடவை தப்பாப் போட்டாலும் ஒரு ராடு செலவில்லை. சூடும் புகையும் மட்டும் அதில் வராது. அதனால் கை பழகினபிறகு நிஜ நெருப்பில் செய்துதான் ஆகவேண்டும். கருவியில் மட்டும் கற்றவரை வெல்டர் என்று யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள்.

"வி.ஆர். கருவி வாங்கி திருவிழாவில் காட்டினால் காசு கொட்டும்" என்று யாராவது குழுவைத் தேடி வந்தால், உடனே கடன் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். கருவி சீக்கிரம் பழசாகும், ரிப்பேர் பார்க்கவும் எல்லா ஊரிலும் ஆள் கிடையாது. வட்டி மட்டும் மாதாமாதம் வரும்.

பயிற்சிக்கு நாம் காசு கொட்ட வேண்டியதே இல்லை. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாவது பாஸ் போதும். தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. படிக்கும்போது மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.களில் நவீன இயந்திரங்கள் வைக்க 2022-ல் டாடா டெக்னாலஜீஸுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. உங்கள் ஐ.டி.ஐ.யில் எந்தக் கருவி வந்திருக்கிறது, இந்த வருஷம் வெல்டர் பிரிவில் இடம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் கையோடு இருக்கட்டும்.