உஷார்! மெட்டல் டிடெக்டரோடு காட்டுப்பக்கம் போகாதீர்கள்

யூடியூபில் வெள்ளைக்காரர் ஒருவர் ஓடையில் இறங்குகிறார். பச்சை பிளாஸ்டிக் தட்டில் மணலை அள்ளி அலசுகிறார். அடியில் மினுக்கென்று பொன்துகள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டு வாலிபர் யாராவது ஒரு மெட்டல் டிடெக்டரை ஆன்லைன் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறாரா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

டிடெக்டரோடு போனால் மாட்டிக்கொள்கிற தேசியப் பூங்காவைத் தேடி ஊட்டிப்பக்கம் போக வேண்டியதில்லை. அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிண்டி இருக்கிறது. மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் போய்ப் பழகியதால், வேலிக்கு அந்தப் பக்கமும் பொதுப் பூங்காதான் என்று பலருக்கு நினைப்பு. அது வெளிமானும் புள்ளிமானும் திரியும் காடு. அனுமதியில்லாமல் கால் வைத்தாலே 1972-ம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“சட்டத்தில் டிடெக்டர் என்ற பேச்சே இல்லையே” என்று வக்கீல் பாயிண்ட் பேசுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை, ஐயா. நுழைந்தது ஒரு குற்றம், தோண்டியது இன்னொன்று, எடுத்துக்கொண்டு வந்தது மூன்றாவது. காட்டில் கிடக்கும் மண்ணும் கல்லும்கூட வனப்பொருள்தான். தோளில் டிடெக்டரும் கையில் மண்வெட்டியுமாக நிற்கிறவரிடம், எதற்கு வந்தாய் என்று ரேஞ்சர் கேட்கவும் வேண்டுமா? முதுமலை மாதிரி புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் பிடிபட்டால் தண்டனை இன்னும் கடுமை.

முதுமலைக்குப் பக்கத்தில்தான் ஆசையைக் கிளப்புகிற ஊர்களும் இருக்கின்றன. கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூரில் தங்கம் இருப்பது கட்டுக்கதை இல்லை. 1880 வாக்கில் அதை நம்பி லண்டனில் கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்தன, பங்குகள் விற்றன, சில வருடங்களில் போட்ட பணமெல்லாம் மண்ணோடு போயிற்று. அவர்கள் விட்டுப்போன சுரங்கக் குழிகளில் பிற்பாடு திருட்டுத்தனமாக இறங்கி, மூச்சுத் திணறிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை எல்லைக்கு வெளியே என்றாலும் தப்பிக்க வழியில்லை. உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே 1957-ம் வருடச் சுரங்கச் சட்டப்படி குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

“நாங்கள் பிள்ளையைப் பார்க்க சான் ஹோசே போகிறோம், அங்கேதான் தட்டோடு இறங்குகிறார்களே” என்கிற மயிலாப்பூர் தம்பதிகளுக்குத்தான் என் பெரிய எச்சரிக்கை. நம் ஊர்ச் சட்டம் சொல்லாமல் விட்டதை அமெரிக்கச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். கழற்றி, உடனே எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி மூட்டை கட்டி காரில் வைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. யூடியூப்காரர் இறங்கிய ஓடை பெரும்பாலும் வேறு வகை அரசு நிலமாகவோ, அவரே காசு கொடுத்து உரிமை வாங்கிய இடமாகவோ இருக்கும். அதை வீடியோவில் சொல்ல மாட்டார். கலிபோர்னியாவில் விஸ்கிடவுன் என்கிற இடத்தில் அனுமதிச் சீட்டோடு தட்டில் அலசலாம். அங்கேயும் தட்டு மட்டும்தான். சிட்னியில் பிள்ளை இருந்தாலும் கதை இதுதான்: அனுமதி இல்லாமல் தேசியப் பூங்காவில் பொன் தேடக் கூடாது.

இவ்வளவு வம்பையும் விலை கொடுத்து வாங்குகிறோமே, அந்தக் கருவியாவது உருப்படியா? நீளக் கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கம்பிச்சுருள். அதிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் மண்ணுக்குள் உலோகத்தைத் தொட்டால் ஹெட்போனில் ‘கீங்’ என்று சத்தம். சாதாரண மாடலுக்குச் சின்ன நாணயம் ஓர் அடி ஆழத்தில் இருந்தாலே திணறும். மெல்லிய மோதிரத்துக்கும் சோடா டின்னின் அலுமினிய மூடி வளையத்துக்கும் பல சமயம் ஒரே சத்தம்தான். ‘நூறு மீட்டர் தூரத்தில் தங்கத்தைக் காட்டும்’ என்று ஏரியல் வைத்த கைப்பிடியை விற்கிறார்களே, அது பச்சை ஏமாற்று. அதே மாதிரி ஏரியல் பொம்மையைத்தான் குண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கே விற்றார் ஓர் ஆங்கிலேயர். 2013-ல் அவருக்குப் பத்து வருடச் சிறை.

காடே வேண்டாம், பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிறோம், அஸ்திவாரத்தில் ஏதாவது கிடைத்தால்? அங்கேயும் உஷார். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 505 தங்க நாணயங்கள் கிடைத்து அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தன. அதே வருடம் டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயிலில் அரை கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தபோது, ஊர்மக்கள் தரமாட்டோம் என்று நின்றும் கடைசியில் கருவூலத்துக்குத்தான் போயிற்று. 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைப்பது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று அந்தப் பத்து ரூபாய்க்கு லஸ் கார்னரில் டீ கிடைப்பதே சந்தேகம். ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. முறையாகச் சொன்னவருக்குப் பங்கு கிடைக்க அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. மூடி மறைத்தால் அந்தப் பங்கும் போய், ஒரு வருடம் வரை சிறையும் கிடைக்கும்.