பாலும் நாளும்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு. கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்தில் திருவள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். செல்வமெனில் அதற்குக் கணக்கு வேண்டும். நம் குடும்பங்களிலோ பாலுக்குக் கணக்குண்டு, நாளுக்குக் கணக்கில்லை. கறவைத் தொழிலின் ஊதியமும் இழப்பும் பெரும்பாலும் நாட்கணக்கிலேயே அடங்கியுள்ளன என்பதை ஈண்டு விளக்க விழைகிறோம்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அமைந்த முண்டியம்பாக்கம், சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ஊர். கரும்பு வெட்டுங்காலத்தில் இரண்டு மூன்று கறவைகள் வைத்திருப்போர்க்குக் கொழுந்தாடை எளிதில் கிடைக்கும். ஆயினும் அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள், மாட்டின் உடலில் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும். ஆதலால் அதனை மட்டுமே நம்பாது வைக்கோல், பசும்புல், அகத்தி, வேலிமசால் போன்ற தழைகள், தாது உப்புக் கலவை ஆகியவற்றையும் சேர்த்தளித்தல் வேண்டும். சத்துக் குறைந்த பசு, பாலில் மட்டுமன்றிப் பருவத்துக்கு வருவதிலும் பின்தங்கும்.

இனி நாட்கணக்கைக் காண்போம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈன்ற மூன்று மாதத்துக்குள் மீண்டும் சினைபிடித்தால், ஏறக்குறைய ஆண்டுக்கொரு கன்றும் பத்து மாதப் பாலும் கிட்டும். அடுத்த ஈற்றுக்கு முந்திய 60 நாள், மடிக்கு ஓய்வு தரும் வற்றுக்காலம். அப்போதும் கறந்தால் அடுத்த ஈற்றின் பால் குறையும்.

சினைபிடிக்காத பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஓயாது கத்துதல், கண்ணாடி போன்ற திரவம் வடிதல், பால் குறைதல் ஆகியன அதன் அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினையூசி போடுவித்தல் வேண்டும். ஊசி போட்டபின் மூன்றாம் மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் சினையை உறுதிசெய்துகொள்ளுதல் நலம்.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் வீணாகும். எம் இல்லத்துக் கலப்பினப் பசு ஒன்றுக்கு மூன்று பருவங்கள் தவறின. "இராவெல்லாம் கத்துதே, என்னவென்று பாருங்களேன்" என்று எம் அன்னையார் ஒவ்வொரு முறையும் சொன்னார். பசியால் கத்துகிறது என்று வாளா இருந்துவிட்டோம். 63 நாள் போயிற்று. பால் வற்றிய பின்னும் தீவனச் செலவு வற்றவில்லை. மாடு வாங்கிய கடனும் அப்படியே நின்றது. சொல்லியவர் எழுத்தறியாதவர், கேளாதிருந்த நாமோ கற்றவர்!

மாணவச் செல்வங்களே, விடுமுறைக்குச் செல்லும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிச் செல்லுங்கள். ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், கறவை நிறுத்திய நாள் எனப் பசுவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தொழுவத்தில் நாளும் உழைக்கும் அன்னையரும் தமக்கையரும் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்கள் சொல்லுக்கு மதிப்பளிப்பதோடு, பாற்பணத்தின் கணக்கிலும் அவர்க்கு உரிமை தாருங்கள். செல்வத்தைக் காப்பவர் அவர்களே.