கடலே இல்லாத ஊர்கள், கடலில் மீட்பு! தெரியுமா?

புனேயின் கேம்ப் பகுதியில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசலாமா? தாராளமாகப் பேசலாம்! ஈஸ்ட் ஸ்ட்ரீட் கயானி பேக்கரியில் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டுக்கு வரிசையில் நிற்கிறோமே, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரம்! அலையில் கால் நனைக்க மலை இறங்கி 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் ராணுவத்தில் 1895-ல் உருவான தெற்குப் பிராந்தியத்துக்குத் தலைமையகம் இதே கேம்ப்தான்! 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகப்பட்டினத்தையும் கடலூரையும் புரட்டிப் போட்டதே, அப்போது தமிழ்நாட்டில் மீட்புக்கு இறங்கிய ராணுவ வீரர்கள் எந்தப் பிராந்தியத்தின் கீழ்? இதே பிராந்தியம்தான்!

கேம்ப் மட்டும்தான் இப்படியா? பெங்களூரைப் பாருங்கள்! 900 மீட்டர் உயரத்தில், கடல்வாசனையே படாத ஊர். நடுக்கடலில் ஒரு கப்பலின் அபாயக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் அலறினால், செயற்கைக்கோள் வழியாக அந்த அலறல் வந்து சேர்வது அங்கே இஸ்ரோ நடத்தும் மையத்துக்குத்தான்! அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குத் தகவல் பறக்கும். இந்த மையத்தை நம்பியிருக்கும் நாடுகள் எவை தெரியுமா? இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், செஷல்ஸ், தான்சானியா... கூடவே நேபாளமும் பூட்டானும்! கடலே இல்லாத இந்த இருவருக்கு எதற்கு? மலையில் விழும் விமானமும் இதே அலைவரிசையில்தான் கூப்பிடும்!

உலகம் முழுக்க இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாடு 1982-லிருந்து காப்பாற்றிய உயிர்கள் 50,000-க்கும் மேல்!

சரி, மூன்றாவது ஊர்? ஹைதராபாத்! காணாமல் போன படகு எந்தப் பக்கம் மிதந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அங்குள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸுடையது. ஆள் மிதப்பது வேறு, கவிழ்ந்த படகு மிதப்பது வேறு அல்லவா? காற்று ஒன்றை ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொன்றை வேறு பக்கம் இழுக்கும். அதனால் தேடப்படும் பொருளின் வடிவத்தையும் மிதப்பையும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சுமார் 60 வகைகள்!

நம் நாட்டின் நிலப்பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். கடலில் ஆபத்தென்றால் இந்தியா பொறுப்பேற்க வேண்டிய பரப்பு? 46 லட்சம் சதுர கிலோமீட்டர்! நாட்டைவிடப் பெரிய நீர்ப்பரப்பு! அதைப் பங்குபோட்டுக் கவனிக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் எத்தனை? மும்பை, சென்னை, போர்ட் பிளேர்... வெறும் 3!

அந்தப் பரப்பில் எங்கே போய்த் தேடுவது? ஒரு முறையைக் கேளுங்கள்! ஆள் கடைசியாக இருந்திருக்கக்கூடிய புள்ளிக்குக் கப்பல் போகும். ஒரு அளவு தூரம் நேராக ஓடி வலப்பக்கம் செங்குத்தாகத் திரும்பும். அதே தூரம் ஓடி மறுபடி வலம். அடுத்த 2 ஓட்டங்களும் இரட்டிப்புத் தூரம், அதற்கடுத்த 2 மூன்று மடங்கு... சதுரச் சுழிக்கோலம் மாதிரி விரிந்துகொண்டே போகும்! மேலே பறக்கும் விமானத்துக்குத் தனிப் பகுதி, தனி உயரம். இல்லாவிட்டால் தேடப் போனவர்களே மோதிக்கொள்வார்கள்!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2021 மே 17, டவ்தே புயல். மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல்களில் வேலை செய்தவர்கள் தங்கியிருந்த மிதவைக் கலம் பி-305. அதன் நங்கூரங்கள் எத்தனை? 8! எட்டும் பிடி விட்டன! இன்ஜின் இல்லாத கலம் அலை தள்ளிய பக்கமெல்லாம் போனது, எண்ணெய் மேடை ஒன்றில் மோதியது, ஓட்டை விழுந்தது. மாலையில் மூழ்கியே விட்டது! அலையின் உயரம் 6 முதல் 8 மீட்டர், அதாவது இரண்டு மாடி! லைஃப் ஜாக்கெட்டோடு குதித்தவர்கள் பிரிந்துவிடாமல் கையோடு கை கோத்து இருட்டில் மணிக்கணக்கில் மிதந்தார்கள்.

ஐ.என்.எஸ். கொச்சி போர்க்கப்பல் என்ன செய்தது தெரியுமா? பக்கவாட்டில் கயிற்று வலைகளைத் தொங்கவிட்டது! அலை தூக்கும் நொடியில் வலையைப் பிடிக்க வேண்டும், விட்டால் அடுத்த அலை வரை காத்திருக்க வேண்டும். 7,500 டன் ஏவுகணைக் கப்பல், ஆளை ஏற்றுவதற்கு நம்பியது கயிற்றை! ஐ.என்.எஸ். கொல்கத்தா, பியாஸ், பெட்வா, தேக் என்று வரிசையாகக் கப்பல்கள் வந்தன. மறுநாள் வானம் கொஞ்சம் இடம் கொடுத்ததும் ஹெலிகாப்டர்களும் பி-8ஐ கண்காணிப்பு விமானமும் சேர்ந்துகொண்டன. பி-305-லிருந்து உயிரோடு மீண்டவர்கள் 186 பேர்! 70-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அதே புயலில் மாட்டிய கால் கன்ஸ்ட்ரக்டர் என்ற இன்னொரு கலத்தில் இருந்த 137 பேருமே பிழைத்தார்கள்!

இதில் தலைசுற்ற வைக்கும் சங்கதி ஒன்று. பி-305-ல் எத்தனை பேர் என்று முதலில் வந்த எண்ணிக்கை 273. பிறகு அது 261 ஆனது! பேரிடர் நடுவில் தலை எண்ணுவது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான்! 1980 அக்டோபரில் அலாஸ்கா அருகே பிரின்சென்டாம் என்ற உல்லாசக் கப்பல் தீப்பிடித்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள், ஒருவர்கூடச் சாகவில்லை! ஆனால் எல்லாரும் வந்தாயிற்று என்று நினைத்தபோது சுமார் 20 பேர் இருந்த ஓர் உயிர்காக்கும் படகு கணக்கில் விடுபட்டிருந்தது! இத்தனைக்கும் மீட்க வந்த வீரர்களிலேயே 2 பேர் அதில் இருந்தார்கள்! நள்ளிரவு தாண்டித்தான் கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்டால், ஹெலிகாப்டரைவிட முக்கியம் பெயர்ப் பட்டியலும் பேனாவும்!

சரி, ஆபத்தில் யாரைக் கூப்பிடுவது? 2022 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். தென்சீனக் கடலில் நீர் புகுந்த படகில் இலங்கையர் 303 பேர், அதில் 20 குழந்தைகள்! அவர்களில் ஒருவர் உதவி கேட்டு யாரைக் கூப்பிட்டார்? ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இலங்கைக் கடற்படையை! கொழும்பு உடனே சிங்கப்பூர், வியட்நாம் மீட்பு மையங்களை எழுப்பியது. யாரிடம் கப்பல் இருக்கிறது? அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பல்! அதுதான் திரும்பி வந்து 303 பேரையும் ஏற்றி வியட்நாமின் வுங் தாவில் இறக்கியது. போர்க்கப்பல் எதுவும் தேவைப்படவில்லை!

நம் கடலில் எப்படிக் கூப்பிடுவது? நம் மீனவர்களுக்கு இஸ்ரோ தந்த அபாயக் கருவியில் தீ, படகு மூழ்கல், ஆள் விழுந்தது, மருத்துவ உதவி என்று தனித்தனிச் செய்தி அனுப்பலாம். 2024 ஜனவரியில் வந்த புதிய வகை என்ன செய்கிறது தெரியுமா? ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று நடுக்கடலுக்கே பதில் அனுப்புகிறது, செல்போனில் தாய்மொழியிலேயே படிக்கலாம்! கருவி இல்லையா? கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554-ஐக் கூப்பிடலாம். கரையில் காத்திருக்கும் குடும்பத்தாரும் கூப்பிடலாம், 24 மணி நேரமும்!