ஜெயிக்க ஒரு பந்து... டீம் கட்ட பல வருஷம்!

கோப்பையைத் தூக்குறவர் போட்டோ எல்லாப் பேப்பர்லயும் வரும். அந்த டீமைக் கட்டினவர் போட்டோ? தேடித்தான் பார்க்கணும்! அமெரிக்க பாஸ்கெட்பாலில் அந்த ஆளுக்கு 'ஜெனரல் மேனேஜர்' என்று பெயர். கோர்ட்டில் இறங்க மாட்டார், ஒரு பந்துகூடப் போட மாட்டார். யாரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரை அனுப்புவது... வருஷம் முழுக்க இந்த மூணு கேள்வியோடதான் அவருக்குக் குடித்தனம்.

நம்ம பக்கத்தில் இதற்கு உதாரணம் வேணுமா? வேற யாரு, மஞ்சள் சட்டைக்காரங்கதான்!

கால்குலேட்டர் ப்ளீஸ்...

2008 பிப்ரவரி 20, மும்பை. முதல் ஐ.பி.எல் ஏலம். ஒவ்வொரு டீம் கையிலும் 50 லட்சம் டாலர்தான். மும்பைக்கு சச்சின், பெங்களூருக்கு டிராவிட் என்று சில டீம்களுக்கு 'ஐகான்' பிளேயர் உண்டு. ஆனால், ஒரு கண்டிஷன்... டீமில் அதிக விலைக்குப் போனவரைவிட ஐகானுக்கு 15 சதவிகிதம் கூடுதலாகக் கொடுக்கணும். சென்னைக்கு ஐகானே கிடையாது. 'ஐயோ பாவம்'னுதானே நினைக்கிறீங்க? இனிமேல்தான் மேட்டரே!

தோனி பெயர் வந்தது. விலை 15 லட்சம் டாலரைத் தொட்டது. அந்த விலைக்கு மும்பை வாங்கினால் சச்சினுக்கு 17.25 லட்சம் தரணும். ரெண்டு பேருக்கே 32.25 லட்சம் காலி! மிச்சம் இருப்பதில் மொத்த டீமையும் எடுக்கணும். அங்கே மும்பை நின்றது, சென்னை தட்டியது. ஏலத்தில் சென்னைக்காக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், இந்தியாவுக்கு ஓப்பனிங் ஆடிய நம்ம வி.பி.சந்திரசேகர். இல்லாததையே பலமாக மாற்றிய கணக்கு அது.

முதல் வருஷம் ஃபைனலில் கடைசிப் பந்தில் தோல்வி. உடனே எல்லாரையும் கலைத்துப் போட்டார்களா? இல்லை. 2008-ல் பிளேயராக வந்த ஸ்டீபன் ஃப்ளெமிங் 2009-ல் கோச் ஆனார். 2010-ல் முதல் கோப்பை வந்தபோது முரளி விஜய், பத்ரிநாத், அஸ்வின் என நம்ம பசங்க டீமின் முதுகெலும்பு. 2010, 2011, 2018, 2021, 2023... ஐந்து கோப்பைக்கும் கோச் அதே ஃப்ளெமிங்தான்!

தோற்ற வருஷத்தில் விதைச்சது!

2020-ல் சென்னை ஏழாவது இடம். முதல் முறையாக ப்ளே ஆஃப் இல்லை. அந்த சீசனில் ருதுராஜ் கெய்க்வாட் ஆடிய முதல் மூணு இன்னிங்ஸ் என்ன தெரியுமா? 0, 5, 0. நம்ம காலேஜ் டீமா இருந்தா 'தம்பி, பெஞ்சுல உட்காரு'ன்னு சொல்லியிருப்போம். அவங்க மறுபடி இறக்கினாங்க. கடைசி மூணு ஆட்டத்திலும் அரைசதம்! அடுத்த வருஷம் 635 ரன், ஆரஞ்சு தொப்பி, கோப்பை. இத்தனைக்கும் அவரை ஏலத்தில் எடுத்த விலை வெறும் 20 லட்சம் ரூபாய்.

ஏரியைப் பாருங்க, புரியும்!

ஜி.எஸ்.டி ரோட்டில் போகிற எல்லாரும் மதுராந்தகம் ஏரியை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பீங்க. கரை உடையாமல் ராமரே காவல் நின்றதாக நம்ம ஊரில் கதை. ஆனால், ராமர் கரையைத்தான் காப்பார். தூர் வாருவது நம்ம வேலை! தூர் வாரணும்னா முதலில் தண்ணீரை வடிக்கணும். அந்தப் போகத்துக்கு ஏரிப் பாசனம் கிடையாது. வயல்காரருக்கு வலிக்கும். வாராமல் விட்டாலோ வருஷா வருஷம் மழை பெய்யும், தண்ணி நிக்காது.

இதையே பாஸ்கெட்பாலில் செய்தவர் சாம் பிரஸ்டி. 2007-ல், 30 வயதில் ஜெனரல் மேனேஜர் ஆனவர். அவர் டீம் ஓக்லஹோமா சிட்டி. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் வைத்தால், சென்னைக்குப் பக்கத்தில் நம்ம மதுராந்தகம் மாதிரி! பெரிய ஸ்டார்கள் தானாகத் தேடி வர மாட்டாங்க. டுராண்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் என்று மூணு பேரைச் சின்ன வயசிலேயே எடுத்து வளர்த்து 2012-ல் ஃபைனல் வரை போனார். அப்புறம் ஒவ்வொருத்தராகக் கிளம்பினாங்க.

2019-ல் பால் ஜார்ஜ் என்ற ஸ்டாரை லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தார் பிரஸ்டி. பதிலுக்கு வாங்கியது அப்போது 20 வயதே ஆன ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும், எதிர்காலத்தில் புது பிளேயர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று வாய்ப்புகள் ஐந்தையும்! 2021-22 சீசனில் 82 ஆட்டத்தில் ஜெயித்தது 24. ஊரே சிரிச்சிருக்கும். 2024-25-ல்? 68 வெற்றி, சாம்பியன்!

ஒரு வில்லங்கமும் உண்டு. அங்கே கடைசியில் வரும் டீம்களுக்குத்தான் நல்ல புது பிளேயரைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். தெரிஞ்சே தோத்தா லாபம்! இதைக் குறைக்கத்தான் 2019-லிருந்து கடைசி மூணு டீமுக்கும் குலுக்கலில் ஒரே அளவு வாய்ப்பு, 14 சதவிகிதம் என்று மாற்றினார்கள். ஐ.பி.எல்-லில் அந்தச் சலுகையே கிடையாது. கடைசியில் வந்தால் அவமானம் மட்டும்தான்.

அந்த அவமானம் 2025-ல் சென்னைக்கு வந்தது. 14-ல் 4 வெற்றி, பத்தாவது இடம். தூர் வாரும் நேரம்! 2023 ஃபைனலின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பை கொடுத்த ஜடேஜாவையே அந்த நவம்பரில் ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ரசிகர்களுக்குக் கண் கலங்கியது. டீம் கட்டுகிறவர் போன கோப்பைக்கு நன்றி சொல்லலாம். ஆனால், அடுத்த கோப்பைக்குத்தான் ஆள் எடுக்கணும்.

இப்போ உங்க காலேஜ் டீமுக்கு வாங்க. பதினோரு பேரில் எட்டுப் பேர் ஃபைனல் இயரா? மீதி மூணு பேர் கேப்டனோட ரூம்மேட்டா? அப்போ இந்த வருஷம் கப், அடுத்த வருஷம் கப்சிப்! அடுத்த மேட்சில் ஒரே ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனை இறக்கிப் பாருங்க. டக் அவுட் ஆனாலும் இன்னும் ரெண்டு மேட்ச் கொடுங்க. அவன் கோப்பையைத் தூக்கும்போது நீங்க காலேஜிலேயே இருக்க மாட்டீங்க. போட்டோவிலும் இருக்க மாட்டீங்க.

பரவாயில்லை பாஸ்... டீம் இருக்கும்ல!